கணினிப் பெட்டி விழவில்லை என்பது பற்றி

திகதி: 2023.03.29. நேரம்: மு.ப. 9.40.
பெயர்: இப்றாஹீம் முஹம்மது மபாஸ். வயது: 43. திருமணமானவர். தொழில்: கணினி திருத்துதல். முகவரி: பசறை பஸ் நிலையத்துக்குப் பின்புறக் கடையும் அதன் மேல்மாடி வீடும்.

மேற்சொன்ன நான், யாரும் அழைக்காமல் நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து தமிழில் சொல்வதாவது:

நான் பதினேழு வருடங்களாகப் பசறையில் கணினி திருத்தி வருகிறேன். இதை முறையாகப் படித்ததில்லை, கொழும்பில் ஒரு கடையில் இரண்டு வருடம் நின்று பழகியதுதான். என் கடைப் பலகையில் கணினி நிபுணர் என்று எழுதியிருக்கிறது. அப்படி எழுதச் சொன்னது நான்தான்.

2023.03.06 திங்கட்கிழமை முற்பகல் பதினொரு மணியளவில், மடுல்சீமைப் பக்கமுள்ள வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் பதிவு எழுதும் இராசையா யசோதினி என்பவர் அலுவலகக் கணினிப் பெட்டியை என் கடைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு வயது இருபத்தாறு இருக்கும். பஸ்ஸில் மலைப்பாதை வளைவுகள் முழுவதும் பெட்டியைக் கம்பளியால் சுற்றி மடியில் வைத்தே வந்ததாகச் சொன்னார். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது, “பாத்துங்க நானா, பாத்துங்க” என்று, எங்கள் ஆட்கள் அண்ணனை அழைக்கும் சொல்லால் சொல்லித் தானே மேசையில் வைத்தார். கம்பளியை நான்தான் பிரித்தேன். பெட்டியில் நசுங்கலோ கீறலோ இல்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களின் பழைய பேரேடுகளை அவர் மூன்று வருடமாக அந்தக் கணினியில் பதிந்து வந்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத தொழிலாளர்கள் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவைத்தான் காட்டுகிறார்கள். பேரேடுகள் செல்லரித்துப்போய், பதிந்து முடிந்தவற்றை அலுவலகத்தார் எரித்துவிட்டார்கள். பிரதி எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க் வேண்டுமென்று யசோதினி கேட்டிருக்கிறார், யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. அந்தப் பதிவு மென்பொருள் பழைய தமிழ் எழுத்தில் செய்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும்.

என்ன கோளாறு என்று கேட்டதற்கு அவர், “சனிக்கிழம சாயந்திரம் வரைக்கும் நல்லாத்தாங்க வேல செஞ்சுச்சு. ராத்திரி கரண்டு போயிருச்சு. இன்னைக்கு போட்டா நீலக்கலரு வந்து நின்டுக்குதுங்க” என்றார். நான் கணினியை இயக்கிப் பார்த்தேன். அதன் பின்னர் திருத்துவதற்காக, வழக்கமாகப் பாவிக்கும் எக்ஸ்பி சிடியைப் போட்டேன். இந்தக் கணினியில் ஹாட் டிஸ்க் எதுவும் காணப்படவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதி அது நின்றுவிட்டது. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அதே பதில்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கணினியை இயக்கியதும் வரும் முதல் கறுப்புத் திரையில் அந்த டிஸ்க்கின் பெயரும் அளவும் ஒழுங்காக வந்தன. செத்த டிஸ்க்குக்குத் தன் பெயரைச் சொல்ல முடியாது. அதே திரையில் வருடம் 2009 என்றும் காட்டியது. இரண்டையும் நான் கண்ணால் கண்டேன். இரண்டுக்கும் காரணம் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அந்தப் பிள்ளையின் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. “டிஸ்க் மௌத்து தங்கச்சி. இனி ஒண்டும் செய்ய ஏலா” என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் உடனே, கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கிறேன் என்று ஒரு கதை விட்டு, டிஸ்க்கைக் கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டேன். அது கொழும்புக்கு ஒருபோதும் போகவில்லை.

அதன் பின்னர் 03.08 ஆம் திகதி தோட்டத்துப் பெரிய கிளாக்கர் தம்பையா நேரில் வந்து, எதனால் பழுதானது என்று எழுத்தில் தரும்படி கேட்டார். “தொரை கேக்குறாரு. சும்மா செத்துப்போச்சுன்னா ஒத்துக்க மாட்டாருங்க” என்று முகாமையாளரைச் சொன்னார். கொண்டுவரும் வழியில் விழுந்து அல்லது பலமாக அதிர்ந்து டிஸ்க் பழுதாகியது என்று ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து, கையொப்பமிட்டு, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தேன். நாலு ஆங்கிலச் சொல் இருந்தால் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். மடியில் வைத்துக் கொண்டுவந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பதும் தெரியும். காரணம் இல்லாவிட்டால் பழி என் தலையில் விழும் என்று பயந்து எழுதினேன்.

அந்தக் கடிதத்தை வைத்துத் தோட்டத்தார் இந்த நிலையத்தில் முறைப்பாடு செய்ததையும், யசோதினியை அலுவலகத்திலிருந்து நிறுத்தியதையும் 03.16 அன்று தம்பையா தொலைபேசியில் சொன்னார். ஆயிரக்கணக்கானவர்களின் பெயரை அழித்தவள் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பெண்கள் அவருடைய தாயாரோடு பேசுவதில்லை என்றும் சொன்னார். நான் அடப் பாவமே என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அதன் பின்னர் 03.21 அன்று பதுளையில் அச்சகம் வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி இன்ஸாப் என்னை அழைத்தார். அவருடைய ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமும் எக்ஸ்பிக்குத்தான் கட்டுப்படும். அதற்காக வாங்கிய கணினியில் புதிய டிஸ்க் ஒன்றை நானே உறை கிழித்துப் பொருத்தி, அதே சிடியைப் போட்டேன். ஹாட் டிஸ்க் காணப்படவில்லை என்றது. இன்னொரு புது டிஸ்க்கைப் பொருத்தினேன். அதற்கும் அதே பதில். “என்ன மச்சான், புது டிஸ்க்குமா மௌத்து?” என்று இன்ஸாப் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பின்னர் இணையத்தில் தேடிப் படித்தேன். எக்ஸ்பி வெளிவந்த காலத்தில் இந்த மாதிரி டிஸ்க் இணைப்பு இருக்கவில்லை. அதனால் அந்தச் சிடிக்கு இப்போதைய டிஸ்க்கோடு பேசத் தெரியாது. பேசவைக்கும் சிறு மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். முன்பெல்லாம் அதை பிளாப்பியில் போட்டு, நிறுவத் தொடங்கும்போது எஃப் ஆறு விசையை அழுத்திக் கொடுப்பார்களாம். பிளாப்பி இல்லாத கணினியென்றால், சிடியில் உள்ளவற்றை இன்னொரு கணினியில் இறக்கி, அந்த டிரைவரை அவற்றோடு சேர்த்து, புதிதாக ஒரு சிடியில் பதிய வேண்டும். நிபுணர் என்று பலகை மாட்டியவனுக்கு இது பதினேழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு சிடி வீணாகி மூன்றாவது சரிவந்தது. அதைப் போட்டதும் டிஸ்க் திரையில் தெரிந்தது. இன்ஸாப் கைதட்டினார். நான் அந்தப் பிஸ்கட் டின்னை நினைத்தேன்.

மறுநாள் கடையைத் திறந்ததும் பிஸ்கட் டின்னிலிருந்த டிஸ்க்கை எடுத்து, கடையிலேயே கிடந்த தோட்டத்துப் பெட்டியில் பொருத்தி, புதிய சிடியைப் போட்டேன். டிஸ்க் தெரிந்தது. எதையும் நிறுவாமல் கணினியை நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் பார்த்தேன். மதர்போட் என்ற உள்பலகையில் இருக்கும் பொத்தான் அளவுப் பற்றரி தீர்ந்திருந்தது. அதனால்தான் மின்சாரம் போன இரவில் அந்தப் பலகை திகதியையும் தன் பழைய அமைப்புகளையும் மறந்து, டிஸ்க்கோடு பேசும் முறையையும் மாற்றிக்கொண்டது. பற்றரியை மாற்றி, அமைப்பைப் பழையபடி வைத்தேன். எக்ஸ்பி தானாகவே வந்தது. பதிவைத் திறந்தேன். 4,318 பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயர் சனிக்கிழமை பின்னேரம் நான்கு பத்துக்குப் பதியப்பட்டிருந்தது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாடசாலைகளெல்லாம் என்னிடம் வேலை தருகின்றன, முத்திரை குத்திய கடிதம் பொய்யென்று தெரிந்தால் யார் வருவார்கள் என்று ஆறு நாள் யோசித்தேன். அதன் பின்னர் 03.28 ஆம் திகதி, அதாவது நேற்று, பெட்டியைத் தோட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோய், கொழும்பில் கொடுத்து மீட்டெடுத்தேன் என்று சொன்னேன். முகாமையாளர் எழுந்து கை கொடுத்தார். தேநீர் வந்தது. நோன்பு என்றேன். மரியாதை இன்னும் கூடியது. நோன்பு பிடித்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னேன் என்பதையும் பதிந்துகொள்ளுங்கள். யசோதினியின் வேலையைப் பற்றித் தம்பையாவிடம் கேட்டேன். “பேரு கெடைச்சிருச்சு, சரி. அந்தப் புள்ள கீழ போட்டது போட்டதுதானுங்களே” என்றார்.

திரும்பும்போது, பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். யசோதினி கூடையோடு என்னிடம் ஓடிவந்தார். கொழுந்து பறித்துப் பழகாத அவருடைய விரல்களில் துணி சுற்றியிருந்தது. “நானா, பேரு எல்லாம் இருக்குங்களா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் அழுதுகொண்டே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. டிஸ்க் பழுதாகவே இல்லை, எனக்குத்தான் வேலை தெரியவில்லை, கடிதத்தில் எழுதியது பொய், பெட்டி விழவே இல்லை என்று அங்கேயே சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். “இல்லீங்க நானா, விழுந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பசறைக்கு வர்ற கடைசி வளைவுல கண்ணசந்துட்டேன். மடியில இருந்து நழுவி முழங்கால்ல இடிச்சுச்சு. மொத எனக்கே தெரியல. உங்க கடுதாசிய தொரை வாசிச்சுக் காட்டுனாரு, நான் ராத்திரி பூரா யோசிச்சேன், அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு” என்றார். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். “எனக்காகப் பொய் சொல்லாதீங்க நானா, நோன்பு நாளுங்க” என்று சொல்லிவிட்டு நிறுவைக்குப் போய்விட்டார். வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் வந்தேன்.

கேள்வி: யசோதினி இந்த நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்திலும் பெட்டி நழுவியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் பொய் சொன்னார் என்கிறீரா?

பதில்: இல்லை. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்ததை அவர் நம்பினார்.

அந்த வாக்குமூலத்தைக் கிழித்துவிடும்படி கேட்டேன். கிழிக்க முடியாது, இதை அதன் பின்னால் வைக்கத்தான் முடியும் என்று பதியும் உத்தியோகத்தர் சொன்னார். அப்படியென்றால் அவரை இங்கே அழைத்து, இதை முழுதாக அவருக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் வாயால் சொன்னதை அவர் நம்பவில்லை. பொலிஸ் முத்திரை குத்திய தாளையாவது நம்பட்டும். என்மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம்.

எழுதியதை உத்தியோகத்தர் தமிழில் வாசித்துக் காட்டினார். மாற்றவோ சேர்க்கவோ ஒன்றுமில்லை. என் அறிவுக்கு எட்டிய வரையில் இதில் பொய் கிடையாது. யசோதினி பெட்டியைக் கீழே போடவில்லை.

(ஒப்பம்) இ. மு. மபாஸ்