பதினெட்டு நாளும் எழுபத்திரண்டு

"அன்னிக்குக் காலையில நான் அவன் கையைப் புடிச்சு எண்ணினப்ப நாப்பத்திநாலுதான்..."

"உங்க கடிகாரம் சரியா ஓடுதா, அண்ணி?"

"என் கடிகாரத்தை விடு. அதே காலையில உன் நோட்டுல எழுபத்திரண்டு. முந்தின நாளும் எழுபத்திரண்டு. பதினெட்டு நாளும் அதேதான். என் தம்பி என்ன சுவர்க்கடிகாரமா?"

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்; அதை நாத்தனாரும் மறுக்கமாட்டார். என் கணவர் இறந்த மறுவாரம், அவருடைய நாடிக் கணக்கு நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துக்கொண்டு நாத்தனார் கேட்டார். கேட்டதால் சொன்னேன்.

மூன்று வருடத்துக்கு முன் வந்த முதல் மாரடைப்பு இதயத்தின் முன்சுவரில். நாடி நூற்றிருபது என்று ஓடியது. அதை அடக்க ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். நாடியோடு மனிதரும் அடங்கினார். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் கழித்து, தட்டு பறக்காத வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொன்னார்.

இரண்டாவது மாரடைப்பு போன மாதம், இதயத்தின் அடிச்சுவரில். இந்த முறை நாடி ஐம்பதைத் தாண்டவில்லை.

"இது வேற மாதிரிம்மா. பழைய மாத்திரையைத் தொடவே கூடாது. தினமும் நாடியை எண்ணி எழுதுங்க. இன்னும் குறைஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த அன்றே, தண்ணீர் சூடாக இல்லை என்று டம்ளரை வீசினார். பழைய மாத்திரை அட்டை அலமாரியில்தான் இருந்தது.

எண்ணாமல் ஒருநாளும் எழுதியதில்லை. கையைப் பிடித்து முழு நிமிடம் எண்ணுவேன். நாற்பத்தெட்டு. நாற்பத்தாறு. பிறகு எழுபத்திரண்டு என்று எழுதுவேன். நல்ல எண், பார்ப்பவர் மனம் பதறாது. கடைசி நாள் காலை, நாத்தனார் வந்து நாடி பார்த்துப் போன பிறகு, "தலை சுத்துதும்மா" என்றார். அம்மா போட்டு என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "படுங்க, சரியாயிடும்" என்று அன்றைய வெள்ளை மாத்திரையைக் கொடுத்தேன். சாயங்காலம் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அக்கறை இல்லாதவள் தினமும் எண்ணுவாளா?

நாத்தனார் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். குரல் உயர ஆரம்பித்தது. நான் அவர் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, பழக்கத்தில் எண்ணினேன்.

"உங்களுக்கு நூத்திப்பத்து ஓடுது, அண்ணி. உட்காருங்க, அட்டையில இன்னும் நாலு மாத்திரை இருக்கு."