பத்தாவது தப்பு

காபி அப்புறம் குடிக்கிறேம்மா, நீங்க உக்காருங்க. முதல்ல நான் வந்த விஷயத்தைக் கேட்டுடுங்க. கேட்டதுக்கு அப்புறமும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா ரெண்டு டம்ளரா குடிக்கிறேன். ஐயோ, சகாதேவனுக்கு ஒண்ணும் இல்ல, உங்க பிள்ளை நல்லாத்தான் இருக்காரு. பிரிண்டருக்கு ரிப்பன் வாங்க மெட்ராஸ் போயிருக்காரு. அவர் இல்லாத நாளாப் பாத்துத்தான் நான் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். என் பேரு திரௌபதி. திருவண்ணாமலையில அவர் வேலை செய்யற கம்ப்யூட்டர் கடையிலதான் நானும். சிரிச்சிட்டீங்க பாத்தீங்களா! கடையிலயும் இதேதான், பாரதக் கூத்துல பாதி ஆளு இங்கயே இருக்குதுனு. மீதி நாலு பேரு யாரும் இல்லம்மா, பயப்படாதீங்க.

வீட்டுக்கு வழியா? உங்க அண்ணன் வேடியப்பன்தான் காட்டினாரு. யாருன்னே தெரியாமத்தான் பஸ் ஸ்டாண்டுல அவரைக் கேட்டேன். சைக்கிள்ல ரெண்டு மூட்டை மல்லாட்டையை வச்சு மிதிச்சுகினு வந்தவரு, தெருமுனை வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. எழுபத்திரண்டு வயசாமே? அதை ஞாபகம் வச்சுக்குங்க, அப்பால வேணும். அந்த மொறத்தை இப்படித் தள்ளுங்க, பேசிகினே நானும் கடலை உரிக்கிறேன்.

அங்க என்ன வேலைனு உங்ககிட்ட சொல்லியிருக்காரு? டைப் அடிக்கிறாராமா? சரியாப் போச்சு. அது ஜாதகப் பொருத்தம் பாக்கற கம்ப்யூட்டரும்மா. பொண்ணு நட்சத்திரம், பையன் நட்சத்திரம் ரெண்டையும் தட்டினா, பத்துப் பொருத்தத்துல எத்தனை இருக்குதுனு கடகடன்னு அடிச்சுக் குடுத்துடும். அந்தக் கணக்கெல்லாம் எழுதினது உங்க பிள்ளை. எழுதினதுல தப்பு கண்டுபிடிக்கிறது நானு. அட, நெசமா அதான் என் வேலை. வீட்டுல சும்மா செஞ்சுகினு இருந்தேன், இங்க அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க!

முதலாளி கலீல் ரஹ்மான் பாய். ஆமா, அவங்க வீட்டுல ஜாதகமே பாக்கறதில்ல. ஆனா விவரமான மனுஷன். எண்பத்தேழுல கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாரு, இந்த வருஷம் தீபத்துக்குக் கடை தொறந்தே ஆவணும்னாரு. அதோட நிக்கல. தப்பு இல்லைனு திரௌபதி கையெழுத்துப் போட்டாத்தான் தொறப்பேன்னுட்டாரு. ஒரு குடும்பத்துக்குத் தப்பா அடிச்சுக் குடுத்துட்டோம்னா யார் முகத்துல முழிக்கிறதுனு கேக்கறாரு. நியாயந்தானே?

ஆனா எப்பம்மா போடறது கையெழுத்தை? தப்பு தீந்துச்சுனு எப்படித் தெரியும்? ஊருக்குள்ள போயி, கல்யாணம் ஆன எரநூறு ஜோடி நட்சத்திரத்தை எழுதிகினு வந்தேன். கண்ணாயிரம் ஜோசியர் கையால பொருத்தம் போட்டுக் குடுத்தாரு. கம்ப்யூட்டர் சொல்றதை அதோட வச்சு வச்சுப் பாத்தேன். முதல் வாரம் பதினாலு தப்பு. அடுத்த வாரம் எட்டு. அப்புறம் நாலு, அப்புறம் ஒண்ணே ஒண்ணு. நட்சத்திரம் இருபத்தேழுதானே? அது இருபத்தெட்டாவதா ஒண்ணைக் கண்டுபிடிச்சு அதுக்கும் பொருத்தம் பாத்துச்சு! அடி அண்ணாமலையில தங்கம்மாள்னு, பேரன் பேத்தி எடுத்தவங்க. அவங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் பூஜ்யம்னு அடிச்சுது. தப்புன்னு நோட்டுல எழுதப் போறேன், வேடிக்கை பாக்கக் கடைக்கு வந்திருந்த அந்த வீட்டுக்காரர் கிட்ட வந்து, அது ஒண்ணை மட்டும் திருத்தாதம்மாங்கறாரு.

தப்பு கம்மியாச்சுன்னா தீந்துச்சுனு அர்த்தம் இல்ல. என் கண்ணு அசந்துபோயிருக்கலாம் இல்ல? அதுக்குத்தான் உங்க பிள்ளை ஒரு வேலை பண்ணாரு. வேணும்னே பத்துத் தப்பை உள்ள ஒளிச்சு வச்சு, என்னென்னனு எழுதி, கவர்ல ஒட்டி பாய்கிட்ட குடுத்துட்டாரு. இப்ப இந்த மொறத்துல நான் பத்துப் பட்டாணியைக் கலந்துட்டு உங்களைப் பொறுக்கச் சொல்றேன்னு வைங்க. அஞ்சுதான் கைக்கு வந்துச்சுன்னா, சொத்தைக் கொட்டையும் பாதி உள்ளதான் கிடக்குதுனு தெரிஞ்சுடும் இல்ல? அதே கணக்கு. நான் புடிச்சதுல ஒம்போது அவர் ஒளிச்சு வச்சதுன்னு உங்க பிள்ளையே சொன்னாரு. அப்ப நெசத் தப்பு சுமாரா முப்பது, அதுல இருபத்தேழு புடிச்சாச்சு, மூணு பாக்கி. மூணுதானேம்மா, போடுன்னாரு பாய். மாட்டேன்னுட்டேன். அந்தப் பத்தாவது எங்கனு தெரியாம எனக்குச் சோறே எறங்கல.

அப்புறம் ஒரு நாள் என் நோட்டையே பொரட்டறேன், பளிச்சுனு தெரியுது. எல்லா நட்சத்திரத்தையும் தட்டியிருக்கேன், ஒண்ணைத் தவிர. பொண்ணு பக்கம் அந்த நட்சத்திரம் இருந்த காகிதத்தை எல்லாம் ட்ராயர் அடியில தள்ளி வச்சிருக்கேன், எனக்கே தெரியாம. என்னோட நட்சத்திரம்மா அது. பதினோரு வாட்டி என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. பஜ்ஜி நல்லாருக்குதும்பாங்க, நட்சத்திரம் கேப்பாங்க, செருப்பை மாட்டிகினு போய்டுவாங்க. அந்தப் பேரைத் தட்டவே கை கூசுச்சு.

அன்னிக்குத் தட்டினேன். இருபத்தேழு பையன் நட்சத்திரத்தோடயும் வரிசையா. மூணு, அஞ்சு, நாலுனு வந்துகினே இருக்குது, ரோகிணிக்கு மட்டும் பத்துக்குப் பத்து! பாய் கவரைப் பிரிச்சாரு. உங்க பிள்ளை கையெழுத்து. பத்தாவது தப்பு, திரௌபதி நட்சத்திரத்துக்கும் ரோகிணிக்கும் எப்பவும் பத்து, அவங்க தன்னோடதைத் தட்டிப் பாக்கற அன்னிக்குத் தெரியட்டும்னு எழுதியிருக்குது. ரோகிணி யாருன்னு பெத்தவங்களுக்கு நான் சொல்லணுமா? நான் சிரிக்கிறேன், அழறேன், மறுபடி சிரிக்கிறேன். கரண்ட் அடிச்சிடுச்சோன்னு பாய் ஓடிப் போயி மெயினை அணைச்சிட்டாரு!

அதை எடுக்கச் சொல்லிட்டேம்மா. பொய்யா வர்ற பத்து எனக்கு வேணாம். எடுத்துட்டுப் பாத்தா நெசமாவே ஆறு இருக்குது. ஆறு போதாதா? சரி, உங்க அம்மாகிட்ட எப்ப சொல்லப் போறீங்கன்னு அவரைக் கேட்டேன். அவ்ளோதான், ரிப்பன் வாங்கக் கெளம்பிட்டாரு. பீரோவுல புது ரிப்பன் ரெண்டு கிடக்குது.

நேத்து கையெழுத்துப் போட்டுட்டேன். கணக்குப்படி இப்ப பாக்கியே இல்ல. ஆனா இருக்கும்மா, ஒண்ணு ரெண்டு எங்கனா இருக்கும். தெரிஞ்சேதான் போட்டேன். தப்பே இல்லாம வரட்டும்னு உக்காந்திருந்தா எந்தக் கடையும் தொறக்க முடியாது, யாருக்கும் கல்யாணமும் ஆவாது.

ரோகிணியில ஆம்பளப் புள்ள பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதும்பாங்க இல்ல? உங்களுக்கும் சொல்லியிருப்பாங்களே. பயந்திருப்பீங்க. அந்த மாமன்தான் இன்னிக்கு ரெண்டு மூட்டையோட சைக்கிள் மிதிக்கிறாரு. ட்ராயர் அடியில தள்ளி வச்சிருந்தேனே, அந்த ஏழு காகிதத்தையும் எடுத்துகினு ஏழு வீட்டுக்கும் மறுபடி போனேன். ஆறு வீட்டுல மாமியாருங்க கல்லு மாதிரி இருக்காங்க, வாசல்லயே என்னை ஏன் எதுக்குனு அதட்டறாங்க. ஏழாவது வீட்டுல மட்டும் இல்ல. அவங்க மருமக வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்களாம்.

மாமியாரை எதுக்கு எண்ணினேனா? நானு ஆயில்யம்மா.

...ஏம்மா எழுந்துட்டீங்க? எதனா சொல்லிட்டுப் போங்க. திட்டறதுன்னாலும் திட்டுங்க, கேட்டுகினு அடுத்த பஸ்ஸைப் புடிச்சுப் போய்டறேன். அம்மா? என்னாது?

கம்மியாப் போடுங்கம்மா, சக்கரை எனக்கு ஜாஸ்தி ஆவாது. ரெண்டு டம்ளர், ஞாபகம் இருக்குதில்ல?