குறட்டையோடு ஏறிய மலை

– ரெண்டு கையும் விட்டு, ரெண்டு காலும் விட்டு, குறட்டை விட்டுக்கிட்டே மலை ஏறினேன் மச்சான், சைக்கிள்ல!

– அடங்குங்க மாப்ளே. நீங்க ஓட்டின பஸ்ல கண்டக்டரா காலம் தள்ளினவன் நான். உங்க புளுகுக்கு டிக்கெட் கிழிச்சிருந்தா கம்பெனி எங்கேயோ போயிருக்கும்.

– நீயே கேளு அண்ணே. போன வருஷம் நெஞ்சைப் பிளந்து தச்ச மனுஷன். சீட்டாடப் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டு, அவரு பஸ்ல வந்த காலேஜ் பிள்ளைங்களோட சைக்கிள்ல போயி, மலை மேல டென்ட்டுல படுத்துட்டு வந்திருக்காரு. இன்னைக்கு அந்தப் பிள்ளைங்க மறுபடியும் கூப்பிட வந்து வாசல் கேட்டுல நிக்குதுங்க!

– சொன்னா விட்டிருப்பியாம்மா? அடிவாரம் வரைக்கும் நான்தான் முதல் ஆளு. காத்தே மூச்சு வாங்கிக்கிட்டு, ‘அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க’ன்னுச்சு.

– அடிவாரத்துக்கு அப்பறம்?

– எனக்கு மூச்சு வாங்குச்சு மச்சான். ‘நீங்க போங்க, நான் திரும்பிக்கறேன்’னேன். ஒரு பிள்ளை நகரலை. பழைய டியூபை எடுத்து ஒரு முனையை முன் சைக்கிள் சீட்டுல கட்டி, மறு முனையை என் ஹேண்டில்பார்ல மாட்டிச்சுங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு முதுகுல கை வச்சாங்க. அம்பாரியில ராஜா போனாப்ல போச்சு!

– அதுல தூக்கம் வேற வந்துச்சாக்கும்.

– வந்துச்சே! ஒரு வளைவுல, பஸ் ஓட்டறதா கனா. கை கியரைத் தேடிப் போச்சு, கால் கிளட்சைத் தேடுச்சு. சாஞ்சேன் பாரு, ஆறு கை வந்து தாங்குச்சு. ‘இன்னைக்கு நீங்க பேசஞ்சர், அண்ணே’ன்னா ஒரு பொண்ணு. பஸ் படிக்கட்டுல தொங்குறாளேன்னு நான் தினம் திட்டின பொண்ணு மச்சான் அது! கும்பிடணும்போல இருந்துச்சு.

– தள்ளினாங்க, சரி. சைக்கிள்ல குறட்டையா? காதுல பூ சுத்தாதீங்க.

– போதும்ணே. குறட்டை விட்டேன்னு புளுகற வாய்தானே, நெஞ்சு வலிக்கவே இல்லைன்னும் சொல்லுது? எதை நம்பி அனுப்ப? போயி அந்தப் பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பிட்டு வரேன்.

– அம்மா தாயே, ஆபரேஷனுக்கு அப்பறம் அன்னைக்கு ஒரு நாள்தான் நான் நோயாளிங்கறதையே மறந்தேன்...

– நில்லு தங்கச்சி.

– என்னண்ணே?

– வலிக்கலை. உச்சி வரைக்கும் ஒரு தடவைகூட அவரு நெஞ்சுல கை வைக்கலை.

– அது உனக்கெப்படித் தெரியும்?

– அவரு சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போதே எனக்குச் சந்தேகம். நெஞ்சு வலி மாத்திரையைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு ஸ்கூட்டர்ல பின்னாலயே போனேன். பிள்ளைங்க என்னைக் கண்டுபிடிச்சு, அவருக்குத் தெரியாம எனக்கும் ஒரு போர்வை குடுத்துச்சுங்க. உனக்குப் பயந்துதான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கலை.

– அப்போ அந்தக் குறட்டை?

– நெசந்தான் தங்கச்சி. என் ஸ்கூட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு.