சிரிப்புப் பக்கம்

கேமரன் மலையில் பியானோ வைத்திருப்பவர்கள் அதன் பெட்டிக்குள் எப்போதும் ஒரு சின்ன பல்பை எரியவிட வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. இந்த ஈரத்துக்கு வேறு வைத்தியம் இல்லை. விரலால் அழுத்தும் கட்டைகள் ஊறிவிடும், கம்பி துருப்பிடிக்கும். பதினெட்டு வருஷமாக எஸ்டேட் பங்களாக்களிலும் ஓட்டல்களிலும் பியானோ சரிபார்க்கிற ராஜநாயகம் சொல்கிறேன்.

எங்கள் தொழில்காரர்களுக்கு ஒரு பத்திரிகை உண்டு. ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் வரை அறுபது பேர் படிக்கிறோம். நடத்தியவன் என் நண்பன் தோமஸ்; இந்த மலையிலேயே, தானா ராத்தா டவுனில், தன் வீட்டு முன்னறையில். ஆறு வருஷம் அதில் வேலை விஷயம் மட்டும்தான் வந்தது. 1979 ஜனவரியில் சிரிப்புக் கதைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினான். ஏன் என்று கேட்டேன்.

“கம்பி, ஆணின்னே எழுதிட்டிருந்தா எவன்லா படிக்கிறான்? ஒரு பக்கம் சிரிச்சிட்டுப் போகட்டும்லா,” என்றான்.

முதல் கதையில் பக்கிரிசாமி என்றொருவன் துரை பங்களாவில் இரண்டு நாள் பாடுபட்டுப் பியானோவைச் சரிசெய்கிறான். விருந்தாளிகள் முன்னால் துரைசானி வாசிக்க உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து எலிக்குஞ்சுகள் அவள் மடியில் விழுகின்றன. அது எனக்கு நடந்தது. தோமஸிடம் மட்டும் சொல்லியிருந்தேன். பிறகு போன இடமெல்லாம், “எலி பாத்தாச்சா?” என்று கேட்டார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. என் கவலை தொழிலைப் பற்றியது.

அந்தப் பக்கிரிசாமி, கம்பி முறுக்கும் ஆணிகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவான். வேடிக்கைக்கு எழுதியது. எண்ணெய் பட்டால் ஆணி பிடிக்காது, பியானோ போயிற்று. யாராவது உண்மையென்று நம்பிவிட்டால்? தோமஸ் காதில் வாங்கவில்லை. ஆகவே ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோவில் நானே தடவிவிட்டு, எவனோ உன் கதையைப் படித்துச் செய்திருக்கிறான் என்று கூட்டிப்போய்க் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த கதை இதுதான் என்றான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். அந்தக் கதை அச்சுக்குத் தயாராக மேசையில் கிடந்தது.

“இத எடுத்துரு தோமஸ்.”

“உன் பேரையா போட்டேன்? கோவிச்சுக்காதலா. வா, என் பியானோவுல ஒரு கட்டை ஒட்டிக்குது, பாரு.”

குனிந்து காட்டினான். ஆணி முறுக்கும் சாவி என் பையில் இருந்தது; முக்கால் முழ இரும்பு. காதுக்குப் பின்னால் அடித்தேன். முகம் கட்டைகளின் மேல் விழுந்தது, எல்லாச் சுரமும் ஒன்றாக எழுந்தது. எழ முயன்றான். இன்னும் மூன்று அடி. மண்டை உள்ளே இறங்கியது கைக்குத் தெரிந்தது. ரத்தம் இடுக்குகளில் போகிறதே என்று அவனைத் தரையில் இழுத்துப் போட்டுவிட்டுத் துடைத்தேன். அவன் சொன்ன கட்டை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கழற்றிச் சரிசெய்தேன், ஒப்புக்கொண்ட வேலையை நான் விடுவதில்லை. அவன் அப்போதும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் அவன் மனைவி கத்தரீன் கடையிலிருந்து வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. எத்தனையோ நாள் எனக்குச் சோறு போட்டவள். வாசலில் நின்று அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. நிறுத்தும்வரை அடித்தேன்.

அது அலறல், தெருமுனை வரை கேட்டது என்று பக்கத்து வீட்டு மணியம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பதினெட்டு வருஷம் சுரம் பிரித்த காது என்னுடையது, ஐயா. அவள் சிரித்தாள்.