பாட்டுப் போட்டது நான்தான்

டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பச்சியப்பன் கடை வழக்கம் அது. காக்கிச் சட்டைக்குப் போகிற டீயில் அவன் கை தாராளமாக விழும்.

நான் புகார் கொடுக்க வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். திருட்டுப் புகார். திருடியவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள், ஆகவே பெயர் எழுதும் இடத்தில் கொஞ்சம் தாராளமாக இடம் விட வேண்டும். திருட்டுப் போனவை இசைத்தட்டுகள். மூன்று டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. என் அண்ணன் கஸ்பார் சேர்த்து வைத்தவை. அண்ணன் போன ஆடிப் பதினெட்டு அன்று காலமானார். மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளை கிடையாது. வாரிசு நான் ஒருவன்தான். பெயர் ஞானராஜ். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டுப் பத்திரம் எழுதுகிறேன். எது யாருக்குச் சொந்தம் என்பதில் எனக்கு இதுவரை குழப்பம் வந்ததில்லை.

நீங்கள் மாற்றலாகி வந்து சில நாள்தான் ஆகிறது. அதனால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கஸ்பார் சவுண்ட் சர்வீஸ் இல்லாமல் கடத்தூரில் காதுகுத்துகூட நடந்ததில்லை. கோயில் திருவிழா, மாதா தேர், கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அண்ணனுடைய குழாய் ஸ்பீக்கர்தான். கல்யாணம் என்றால் மட்டும் ஒரு தனி ஏற்பாடு. பெண் பந்தலுக்குள் நுழையும்போது, அதுவரை ஊரில் யாரும் கேட்டிராத ஒரு புதுப் பாட்டைப் போடுவார். அதற்காகவே சேலம் போய்த் தட்டு வாங்கி வருவார். அந்தத் தட்டை வேறு பெண் நுழையும்போது போடமாட்டார். இதனால் என்ன ஆயிற்று என்றால், ஊரில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பாட்டைக் காட்டி, "அது எங்க வூட்டுப் பாட்டு" என்று சொல்ல ஆரம்பித்தது. கோவிந்தம்மாளின் பாட்டை ஒருநாள் ரேடியோவில் போட்டுவிட்டார்கள். தன் முகூர்த்தப் புடவையை யாரோ கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்ட மாதிரி அவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திய பாட்டு எப்படி சார் ஒரு வீட்டுக்குச் சொந்தமாகும்? பத்திரம் உண்டா, பட்டா உண்டா?

எனக்கு வேறு யோசனை இருந்தது. தர்மபுரியில் ஒரு ஆசாரியிடம் கண்ணாடி பீரோ சொல்லியிருந்தேன். தட்டுகளை உறையில் போட்டு, நிற்க வைத்து, பூட்டி, முன்னறையில் வைப்பது. யாரும் தொடக் கூடாது, ஓடவிடவும் கூடாது. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் ஊசி தட்டைக் கொஞ்சம் தின்கிறது. அண்ணன் அவற்றைப் போட்டுப் போட்டே கொன்றுகொண்டிருந்தார். காப்பாற்ற ஒருவன் வேண்டாமா? தாசில்தார் மாதிரி நாலு பேர் வீட்டுக்கு வந்தால், நின்று பார்த்துவிட்டு, "ஞானராஜிடம் இவ்வளவு இருக்கிறதா" என்று கேட்பார்கள். அது போதும்.

அண்ணன் அதைக் கெடுத்தார். டிரான்சிஸ்டர் வந்துவிட்டது, பழைய பாட்டை யாரும் கேட்பதில்லை, தனக்கும் மூச்சு வாங்குகிறது என்று சொல்லி, ஆடி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று அறிவித்தார். "ஆடிப் பதினெட்டு கழிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் வூட்டுக்கு வாங்க. உங்க உங்க பாட்டை எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கப்புறம் எடைக்குப் போறதுக்குப் பதிலா உங்ககிட்ட இருக்கட்டும்." கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, வேலிக்கு வெளியே நின்று கேட்டவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இலவசம் என்றால் நம் ஊரில் கண்ணீர் சீக்கிரம் வரும்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அண்ணே, அவங்க வூட்ல பாட்டுப் பெட்டியே கெடையாது. தட்டை வச்சு என்ன பண்ணுவாங்க?"

"பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கப் போறேன்?"

"நீ பூட்டி வச்சுப் பாப்பே. அவங்க புள்ளைங்களுக்குக் காட்டுவாங்கடா. போ, போய்ச் சாப்புடு."

குள்ளம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். முன்பு அண்ணன் கொடுத்த கீறல் விழுந்த தட்டை அவள் மோர்ப்பானைக்கு மூடியாக வைத்திருந்தாள். என் கண்ணால் பார்த்தேன். அவள் பெயரைப் புகாரில் முதலில் எழுத வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை. முடிந்ததும் கூட்டம் நேராக வீட்டுக்கு வந்துவிட்டது. நான் வாசலில் நின்று நியாயத்தைச் சொன்னேன். அண்ணன் கொடுப்பதாகச் சொன்னார், கொடுக்கவில்லை, அந்த ஞாயிறு வருவதற்குள் போய்விட்டார். கைமாறாத தானம் செல்லாது. மாதா கோயில் உபதேசியார் பெரியநாயகம் என்னை ஓரமாக ஒதுக்கிவிட்டார். "இவுரு என்னாங்க பேசறாரு? சாகற அன்னிக்குக் காலையில இருந்து ஒவ்வொரு வூட்டுப் பாட்டாப் போட்டு, அவங்கவங்க கையில குடுக்கற மாதிரிக் குடுத்துட்டுத்தானே போனாரு கஸ்பாரு? ஊரே கேட்டுச்சே. இதுக்கு மேல என்ன பத்திரம் வேணும்?" எல்லாரும் ஆமாம் என்றார்கள். பெட்டிகள் காலியாகிவிட்டன. எங்கள் தெருச் செல்லி தன் தட்டைக் கைக்குழந்தை மாதிரி முந்தானையில் சுற்றி எடுத்துப் போனாள். என் கண்ணாடி பீரோ போன வாரம் வந்து இறங்கியது. அதில் ஊறுகாய் ஜாடி வைக்கட்டுமா என்று என் மனைவி மிக்கேலம்மாள் கேட்கிறாள்.

ஆக, அவர்கள் உரிமை முழுக்க ஒரே ஒரு காரணத்தில் நிற்கிறது. கடைசி நாளில் அண்ணன் தன் கையால் பாட்டுப் போட்டார் என்பது. அது பொய் சார். அன்று அண்ணன் ஒரு பாட்டும் போடவில்லை. எல்லாவற்றையும் போட்டது நான்தான்.

ஏட்டையா ஏன் நிறுத்திவிட்டார்? எழுதட்டும்.

அன்று அண்ணனுடைய ஆள் மாயவன், புது செட்டைத் தூக்கிக்கொண்டு ஆடிப்பெருக்குக்காக ஒகேனக்கல் போய்விட்டான். மிக்கேலம்மாள் மாரண்டஹள்ளியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். காலைப் பலகாரம் முடிந்ததும் அண்ணன், மொட்டை மாடியில் இருக்கும் குழாயை வடக்குத் தெருப் பக்கம் திருப்ப வேண்டும் என்றார். புழக்கடையில் ஏணி சாத்தினோம். நான் பிடித்துக்கொண்டேன். மேல் படி வரைக்கும் போனார். ஏணி சரிந்தது. துணி துவைக்கிற கல்லின்மேல் விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. குரல் மட்டும் நன்றாக இருந்தது, வழக்கத்தைவிட நன்றாக.

எனக்குச் சத்தம் ஆகாது. கத்தினால் யோசனை ஓடாது. அதனால் முன்னறைக்குப் போய், வீட்டிலிருந்த பழைய செட்டில் ஒரு தட்டைப் போட்டேன். ஒரு பாட்டு முடிவதற்குள் என்ன செய்வது என்று முடிவு பண்ணிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பாட்டு முடிந்தது. முடிவு வரவில்லை. பின்னாலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"ராசு, பாட்டை நிறுத்துடா. தெருவுல யாரையாச்சும் கூப்புடு."

வாழ்நாள் முழுக்கப் பாட்டை நிறுத்து என்று யார் சொன்னாலும் சண்டைக்குப் போன மனுஷன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்த தட்டை வைத்தேன். போகப்போக இரண்டு பாட்டுக்கு நடுவில் இடைவெளி விழாமல் மாற்றக் கை பழகிவிட்டது. அந்த வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை சார். இதற்குத்தான் அண்ணனை ஊர் அப்படித் தூக்கி வைத்திருந்தது.

வெளியே ஒரே குஷி. செல்லி வாசலுக்கு வந்தாள். "கஸ்பார் மாமா இல்லீங்களா?"

"பின்னாடி வேலையா இருக்காரு."

"எங்க பாட்டை ஒருவாட்டி போடச் சொல்லுங்க சின்ன மாமா. தட்டு எங்க கைக்கு வந்தாலும் கேக்கறதுக்குப் பெட்டிக்கு எங்க போறது? கடைசியா ஒருவாட்டி கேட்டுக்கறோம்."

தேடி எடுத்துப் போட்டேன். அவள் தெருவில் நின்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அதோடு விட்டார்களா? தீர்த்தகிரி வந்தான், கோவிந்தம்மாள் வந்தாள், கறிகாய் விற்கிறவள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கஞ்சன் என்று சொல்கிறவர்கள் அன்று எங்கே போனார்கள்?

மத்தியானம் கரண்ட் போனது. இந்த எழுபத்து மூன்றில் கரண்ட் போகாத நாள் ஏது? அந்த நேரம் பார்த்துப் பச்சியப்பன் அண்ணனுக்கு டீ கொண்டுவந்தான். காதைச் சாய்த்துக் கேட்டான்.

"என்னங்க, உள்ள யாரோ மொனகறாப்பல இருக்குது?"

"அண்ணன்தான். கரண்ட் இல்லையா, அவரே பாடிப் பாக்கறாரு."

பச்சியப்பன் இன்னும் கொஞ்சம் கேட்டான். "சுதி சேரலீங்களே."

"வயசாச்சுல்ல."

சிரித்துக்கொண்டே டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனான். அண்ணனால் எழுந்து உட்கார முடியாது, டீ ஆறிவிடும். நான் குடித்தேன். கரண்ட் வந்துவிட்டது.

தண்ணீர் கேட்டார், அதை மறைக்கவில்லை. கொடுக்கலாம் என்று செம்போடு எழுந்தேன். தட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடிகிற நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் ஊசி கடைசிக் கோட்டிலேயே சுற்றிச் சுற்றிப் பள்ளம் பறித்துவிடும். முடியட்டும் என்று நின்றேன். முடிவதற்குள் வாசலில் இன்னொருவர் வந்து நின்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணன் சொன்னதுதான் எனக்கு மிகவும் சங்கடமாகப் போய்விட்டது. குரல் இறங்கிவிட்டிருந்தது. கிட்டே போய்க் குனிந்து கேட்டேன்.

"எல்லாத்தையும் நீயே வச்சுக்கடா. ஒண்ணுகூட யாருக்கும் தரல. ஆளைக் கூப்புடுறா ராசு."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள் சார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் எப்படிக் கிடைத்தது? சாட்சி இல்லை, எழுத்து இல்லை. வலியில் இருக்கிற ஒருவர், உதவி வேண்டும் என்பதற்காகச் சொன்ன வார்த்தை. நிர்ப்பந்தத்தில் கொடுத்த தானம் எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. எழுந்து நடமாடியதும், "அப்போ உயிருக்குப் பயந்து சொன்னேன்" என்று மறுத்துவிட அவருக்குப் பூரண உரிமை உண்டு. எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன். என் சொந்த விஷயத்தில் மட்டும் சட்டத்தை வளைக்க எனக்கு மனம் வரவில்லை. "அது செல்லாதுண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அடுத்ததைப் போட்டேன்.

அந்தத் தட்டு முடிந்தபோது பின்னால் சத்தம் இல்லை. போய்ப் பார்த்தேன். பிறகு இன்னொரு தட்டைப் போட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தெருவுக்கு ஓடி, அண்ணன் விழுந்துவிட்டார் என்று கத்தினேன். பாட்டு இன்னும் பாடிக்கொண்டுதானே இருந்தது, ஆகவே இப்போதுதான் விழுந்தார் என்று ஊர் தானாகவே முடிவு செய்தது. நான் எந்த நேரமும் சொல்லவில்லை. பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

இதுதான் நடந்தது. இப்போது பெரியநாயகம் பேச்சு நிற்குமா சொல்லுங்கள். அண்ணன் யாருக்கும் பாட்டுப் போடவில்லை; யாருக்கும் எதையும் கொடுத்துவிட்டும் போகவில்லை. அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும்.

கொன்றவனுக்குச் சொத்து வராது என்கிறார் ஏட்டையா. எனக்குத் தெரியாதா? நல்ல சட்டம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கொலைகாரனைப் பற்றிய சட்டம். நான் என்ன செய்தேன்? அண்ணன் மேல் படியில் நின்றுகொண்டு, "செல்லிக்கு ஒண்ணு, குள்ளம்மாளுக்கு ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டே போனார். கேட்கக் கேட்க எனக்குக் கை வலித்தது. எடுத்துவிட்டேன். எடுக்கும்போது ஏணியின் காலை என் கால் கொஞ்சம் தட்டியது, நான் தட்டினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏணி என்றால் தானே நிற்க வேண்டாமா? அதன் பிறகாவது அந்த ஜனங்கள் பாட்டுக் கேட்டு வராமல் இருந்திருந்தால் ஒரு வாய் தண்ணீருக்கு நேரம் கிடைத்திருக்கும். வரிசையில் வந்து நின்று கேட்டது அவர்கள்.

விலங்கு தேவையில்லை, உட்கார்ந்துதானே இருக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். கான்ஸ்டபிள்களை அனுப்பி வாங்கும்போது ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். கோர்ட்டில் சாட்சிப் பொருளாக வைத்தாலும் சரி, யாரும் அவற்றை ஓடவிடாமல், யாருக்கும் பிரித்துக் கொடுக்காமல், பூட்டியே வைத்திருக்கட்டும். அண்ணன் இன்று உயிரோடு இருந்தால் அதைத்தான் விரும்பியிருப்பார்.