தொண்டையில் வைத்த கை

கடையில விக்கிற பசையை நான் நம்புறதே இல்ல ஐயா. காய்ஞ்சதும் அட்டை ஓரம் வாயைப் பொளந்துக்கும். மைதா மாவைத் தண்ணியில கரைச்சு, அடி பிடிக்காம கிண்டி, ஆற வெச்சு எடுத்தா அதுக்கு ஈடே கிடையாது. நான் வேலை பாக்குற அச்சகத்துல, பைண்டிங் பசையைப் பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் கொஞ்சம் போடுவோம். அது விஷம். பிள்ளைங்க கையை வாயில வெப்பாங்க. அதனால நம்ம ஞாயிறு பள்ளிக்குச் செஞ்ச எந்த அட்டையிலயும் நான் அதைச் சேர்த்ததில்ல. இருபத்திரண்டு வருஷத்துல என் சாமானால ஒரு பிள்ளைக்கு வயித்து வலி கூட வந்ததில்ல. அதை முதல்ல எழுதிக்கச் சொல்லுங்க.

சரி, சுத்தி வளைக்கல. தையல்காரம்மா பொண்ணு சிட்டுவுக்குக் காது எப்படிப் போச்சு, அதுல என் பங்கு என்னன்னுதானே கேக்குறீங்க. போதகர் நீங்க கேக்குறீங்க, செயலாளர் எழுதுறார், தையல்காரம்மா வெளிய வராந்தாவுல உக்காந்திருக்கா. உள்ள வர மாட்டேன்னுட்டாளாம். அவ முகத்தைப் பாத்துக்கிட்டு என்னாலயும் இதைச் சொல்ல முடியாது. கதவைச் சாத்திட்டீங்கன்னா நல்லது.

படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லித் தர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. புஸ்தகத்தைக் குடுத்தா கிழிக்கும். அதனால வரிக்கு ஒரு படம். அச்சகத்துல வெட்டி மிஞ்சுன அட்டையில நானே வரைஞ்சு, துணியால ஓரம் கட்டி வெச்சிருக்கேன். ஒரு சக்கரம் இருக்கு, முள்ளைச் சுத்தி விட்டா எந்தப் படத்துல நிக்குதோ அந்தப் பாட்டு. ஆனா பிள்ளைங்க உசுரை விடுறது ஆட்டுக்குட்டி விளையாட்டுக்குத்தான். கம்பளி நூல்ல செஞ்ச குட்டி. ஒரு பிள்ளையை வெளிய நிறுத்திட்டு அதை ஒளிச்சு வெப்போம். பிள்ளை உள்ள வந்து தேடணும். குட்டிக்குப் பக்கத்துல போனா மத்தவங்க சத்தமாப் பாடுவாங்க, விலகிப் போனா மெதுவாப் பாடுவாங்க. பாட்டுச் சத்தத்தை வெச்சே கண்டுபிடிக்கணும். ஒரே பாட்டை இருபது தடவை பாடினாலும் ஒருத்தருக்கும் சலிக்காது.

சிட்டு நாலரை வயசுல என் வகுப்புக்கு வந்தா. தத்தித் தத்தி நடப்பா, அதான் அந்தப் பேரு. அவ முறை வந்தப்போ குட்டியை ஹார்மோனியப் பெட்டிக்குப் பின்னாடி வெச்சிருந்தோம். நேரா பெட்டிகிட்டதான் போனா. பிள்ளைங்க கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி பாடுறாங்க. அவ திரும்பி ஜன்னல் பக்கம் நடந்துட்டா. பாட்டு முனகலா அடங்கிடுச்சு. அவ அங்கேயே நின்னு திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் பாக்குறா. பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. எல்லாரும் போன பிறகு அவ முதுகுக்குப் பின்னாடி பாசிமணி டப்பாவைத் தரையில போட்டேன். மணி நாலா பக்கமும் சிதறி ஓடுது, அவ திரும்பவே இல்ல.

மணியைப் பொறுக்கும்போது எனக்குள்ளேயே பாடிக்கிட்டிருந்தேன். அது என் பழக்கம். சிட்டு வந்து என் பக்கத்துல மண்டி போட்டு, என் தொண்டையில கையை வெச்சா. பிஞ்சுக் கை, லேசா வேர்த்திருந்துச்சு. பாட்டு முடியிற வரைக்கும் எடுக்கல. முடிஞ்சதும், "இன்னொரு தடவ பாடு"ன்னா.

என்கிட்ட இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல ஐயா. உங்களுக்கு முன்னாடி இருந்த போதகர் காலத்துல நான் பாடகர் குழுவுல இருந்தேன். ஒரு நாள் குழுத் தலைவர் எல்லார் முன்னாடியும், "அக்கா, உங்க சுருதி ஒரு பக்கம் போகுது, நாங்க ஒரு பக்கம் போறோம். நீங்க சின்னப் பிள்ளைங்களைப் பாத்துக்குங்களேன், அவங்களுக்கு என்ன தெரியப் போகுது"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சேர்ந்து சிரிச்சேன். அப்படித்தான் நான் பாட்டக்கா ஆனேன். வயசு அம்பத்தொண்ணு ஆகுது, பிள்ளைங்க இன்னும் அக்கான்னுதான் கூப்பிடுறாங்க. நானும் திருத்தல, இலவசமா வர்ற இளமையை யாரு வேண்டாம்பாங்க.

அன்னைக்கே அவ அம்மாகிட்டச் சொல்லிடணும்னுதான் போனேன். தையல்காரம்மா வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டு ஒரு சட்டைக்குக் கை வெச்சுக்கிட்டிருந்தா. நிமிர்ந்து பாத்து, "என்னக்கா, வாலு ஏதாவது பண்ணிட்டாளா?"ன்னா. வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்ன ஆகும்? ஆஸ்பத்திரி, பரிசோதனை, அப்புறம் காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னு எங்கேயோ தூரத்துல இருக்குற விடுதிப் பள்ளிக்கூடம். பச்சைப் பிள்ளையைப் பெட்டி படுக்கையோட அனுப்பிடுவாங்க. எனக்கு மனசு கேக்கல. "துண்டுத் துணி இருந்தா குடு, பொம்மைக்கு வேணும்"னேன். ஒரு பை நிறையக் குடுத்தா. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு வீட்டுக்கு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் நான் செஞ்சதெல்லாம் அவளுக்காகத்தான். ஆட்டுக்குட்டி விளையாட்டை நிறுத்திட்டேன். அதுக்குப் பதிலா ரெண்டு குச்சி செஞ்சேன். சிவப்பைத் தூக்கினா சத்தமா, நீலத்தைத் தூக்கினா மெதுவா. எல்லாப் பாட்டுக்கும் கை அசைவு வெச்சேன். ஊமைப் பாட்டுன்னு ஒரு விளையாட்டும் கண்டுபிடிச்சேன். நான் சத்தமே இல்லாம உதட்டை மட்டும் அசைப்பேன், என்ன பாட்டுன்னு பிள்ளைங்க சொல்லணும். ஒவ்வொரு வாரமும் சிட்டுதான் ஜெயிப்பா. கெட்டிக்காரி, கெட்டிக்காரின்னு சபையே அவளைத் தலையில தூக்கி வெச்சு ஆடுச்சு. நீங்க கூட ஒரு தடவை அவளை மேடைக்குக் கூப்பிட்டுப் பென்சில் டப்பா குடுத்தீங்க.

தையல்காரம்மாவுக்கும் யோசனை சொன்னேன். "பிள்ளைகிட்டப் பேசுறப்போ பின்னாலயிருந்து கத்தக் கூடாது. முன்னால வந்து, தோளைத் தொட்டு, முகத்தைப் பாத்துப் பேசு. அப்பதான் மதிக்கும்"னேன். அப்படியே செஞ்சா. "உங்ககிட்ட வந்த பிறகுதான்க்கா சொன்ன பேச்சு கேக்குறா"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அக்கம்பக்கத்துலயெல்லாம் அதையே போய்ச் சொன்னாளாம், பிள்ளை வளர்த்தா பாட்டக்கா சொல்ற மாதிரி வளர்க்கணும்னு. அவ வீட்டுக்காரர் லாரி ஓட்டுறவர், மாசத்துல நாலு நாள்தான் வீட்டுல இருப்பார். தையல் வேலை மும்முரமா இருந்தா பிள்ளை சாயங்காலம் என் வீட்டுலதான். கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டேன்.

காதுல சீழ் வந்தது எனக்குத் தெரியும். ரெண்டு காதுலயும். ஒரு மாதிரி வாடை அடிக்கும். அவ அம்மா ஒரு தடவை மோந்து பாத்துட்டு, டாக்டர்கிட்டக் காட்டலாமாக்கான்னு கேட்டா. "தலைக்கு ஊத்தும்போது தண்ணி போயிருக்கும், என்கிட்ட விடு"ன்னேன். பஞ்சைத் திரிச்சு, வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு, வலிக்காமத் துடைச்சு விடுவேன். பவுடரும் போடுவேன். தொண்டையில கையை வெச்சுக்கிட்டே கண்ணை மூடிக்கும் அந்தப் பிள்ளை. நான் பாடுவேன். என் வாழ்க்கையில அதைவிட நல்ல சாயங்காலம் எனக்கு வாய்க்கல.

போன வருஷம் நம்ம கூடத்துல சுகாதார நிலையத்துக்காரங்க பிள்ளைங்களுக்குக் கண்ணும் காதும் பாக்க முகாம் போட்டாங்களே, அதுக்கு வர்றேன். காதுக்கு மிஷினெல்லாம் இல்ல. பிள்ளைக்குப் பின்னாடி நின்னு நர்ஸம்மா பத்து வார்த்தையைக் கிசுகிசுன்னு சொல்வாங்க, பிள்ளை திருப்பிச் சொல்லணும். பந்து, மீன், கதவு, அப்படி. கூச்சப்படுற பிள்ளைங்க வாயைத் திறக்காட்டியும் படத்தையாவது தொட்டுக் காட்டட்டும்னு, பத்துக்கும் படம் வரைஞ்சு தரச் சொல்லி நாலு நாள் முன்னாடியே பட்டியலை என்கிட்டக் குடுத்தாங்க. நான்தான் இந்த வேலைக்கெல்லாம் பேர் போனவளாச்சே. நல்ல அட்டையில அழகா வரைஞ்சு குடுத்தேன். அந்தப் பத்து வார்த்தைக்கும் ஒரு மெட்டுக் கட்டி, சாயங்காலத்துல சிட்டுவோட ஊமைப் பாட்டு விளையாடினேன். ரெண்டே நாள்ல வரிசை மாறாம மனப்பாடம் ஆயிடுச்சு.

அன்னைக்குக் காலையில அவ காதைச் சுத்தமாத் துடைச்சு விட்டேன். அவ முறை வந்ததும், பிள்ளை பயப்படுது, நான் எதிர்ல நிக்கிறேனேன்னு நர்ஸம்மாகிட்டக் கேட்டேன். அதுக்கென்ன நில்லுங்கன்னாங்க. அவங்க பின்னாலயிருந்து கிசுகிசுத்தாங்க, நான் முன்னாலயிருந்து உதட்டை அசைச்சேன். பத்துக்குப் பத்து. "பாம்புக் காது போங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சீட்டுல எழுதினாங்க. சிட்டு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கிட்டா, விளையாட்டுல ஜெயிச்ச சந்தோஷம் அவளுக்கு. அன்னைக்கு என் வகுப்புல வேற ரெண்டு பிள்ளைங்களை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க. பேக்கரிக்காரர் மகள் அதுல ஒருத்தி. நான் வீட்டுக்குப் போய் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்.

மீதிக் கதை உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்துல புது டீச்சர் கரும்பலகையைப் பாத்துக்கிட்டே பாடம் நடத்துறவங்க. ஒரு மாசத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. சீழ் உள்ளயே கோத்து எலும்பை அரிச்சு, நரம்பு வரைக்கும் போயிடுச்சாம். மிஷின் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லையாம். ஒரு வருஷம் முன்னாடி கொண்டாந்திருந்தா கூட ஒரு காதையாவது காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். தையல்காரம்மா நேரா என் வீட்டுக்குத்தான் வந்தா. தலையில அடிச்சுக்கிட்டு, "பெத்தவளுக்கே தெரியலையேக்கா, நான் மிஷினைக் கடகடன்னு ஓட்டி ஓட்டித்தான் எம்பிள்ளை காதைக் கெடுத்துட்டேன்"னு அழுதா. நான் அவளை மடியில சாய்ச்சுக்கிட்டேன். உன் தப்பு இல்லம்மான்னு சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அன்னையிலயிருந்து அவ தையல் மிஷினைத் தொடலையாம்.

அந்தப் பத்துக்குப் பத்துச் சீட்டைப் பாத்துட்டு டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்கு. சிட்டுகிட்டயே கேட்டிருக்கார். அவ பெருமையாச் சொல்லியிருக்கா, பாட்டக்கா முன்னாடி நின்னாங்க, நான் ஜெயிச்சேன்னு. அது பொய் சொல்லாத பிள்ளை. நான்தான் அப்படி வளர்த்தேன்.

பிள்ளை மேல இருந்த பாசத்துல, விவரம் தெரியாம செஞ்சுட்டேன்னு எழுதிடலாமான்னு கேக்குறீங்க. உங்களுக்கு நல்ல மனசு ஐயா. நேத்து வரைக்கும் நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டிருந்தேன். காது போனது போனதுதான், டாக்டருங்க என்ன கிழிச்சிடப் போறாங்கன்னு நெனச்சேன், அதான் சொல்லலன்னு. செயலாளரே, கொஞ்சம் நிறுத்துங்க. அதை எழுத வேண்டாம்.

முகாம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல பேக்கரிக்காரர் மகள் ஆபரேஷன் முடிஞ்சு வகுப்புக்குத் திரும்பி வந்தா. அவளுக்கும் இதே சீழ்தான். இப்ப ஜன்னலுக்கு வெளிய காக்கா கத்தினாத் திரும்பிப் பாக்குறா. அவ அம்மா எல்லாருக்கும் கேக் குடுத்துட்டு, சின்ன ஆபரேஷன்தான்க்கா, நாலே நாள்ல வீட்டுக்கு வந்துட்டோம்னு என்கிட்டச் சொன்னா. இன்னைக்கே தையல்காரம்மாகிட்டப் போயிடணும், கால்ல விழுந்தாவது சொல்லிடணும்னு நெனச்சேன். பிள்ளைங்க காத்திருந்தாங்க, சரி ஒரு பாட்டு முடிச்சுட்டுப் போகலாம்னு ஆரம்பிச்சேன். ரெண்டாவது வரியில பேக்கரிக்காரர் மகள் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. "அக்கா, நீங்க நல்லாவே பாடல"ன்னா. அவ மேல தப்பில்ல, அவ அப்பதான் முதல் தடவையா என்னைக் கேக்குறா.

பக்கத்துல சிட்டு என் தொண்டையில கையை வெச்சுக்கிட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா.

நான் போகல ஐயா. பிள்ளைங்களை அனுப்பிட்டு உள்ள ஆலயத்துக்குப் போனேன். முதல் பெஞ்சுகிட்ட முட்டி போட்டேன். இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் சரியாகக் கூடாதுன்னு அழுது ஜெபம் பண்ணேன். டாக்டர் சொன்ன அந்த ஒரு வருஷம் அப்ப அவளுக்கு இன்னும் முழுசா இருந்துச்சு. இப்ப எழுதிக்குங்க.