கார்டு வீட்டு விசில்

கிள்ளான் ஸ்டேஷனில் கோலாலம்பூர் ரயில் இன்னும் கிளம்பவில்லை. பெட்டிக்குள் என் எதிர் பெஞ்சில் இரண்டு பெண்கள். மூத்தவளின் கூடையில் விரால் மீன் துள்ளத் துள்ள, நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"அண்ணனுக்கு ஆபரேஷன் புண்ணு ஆறிடுச்சாக்கா?"

"ஆறுது. கத்திக் கூப்பிட்டா தையல் பிரிஞ்சிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரயில் கார்டாச்சே, படுத்துக்கிட்டே விசில் ஊதுறாரு. ஒரு தடவைன்னா தண்ணி, ரெண்டுன்னா காப்பி."

"ஊதினா தையல் பிரியாதா?"

"விசிலைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலையாம்."

"நீங்களும் ஓடுறீங்களாக்கும்?"

"நான் என்ன இஞ்சினா? ஊதட்டும்னு விட்டுருவேன்."

பிளாட்பாரத்தில் கார்டு இரண்டு தடவை விசில் ஊதினார்.

"தோ, கொண்டாறேங்க!" என்று மூத்தவள் கூடையோடு எழுந்தாள்.

இளையவள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கக்கா. இவரு காப்பி கேக்கல."